கோணியும் நீலத் தொட்டியும்: சிங்கப்பூர் இல்லங்களின் மறுபயனீட்டுப் பழக்கங்கள்



மொழிக்கென அமைந்த மேடையில் குப்பையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்குத் தமிழே சான்று தருகிறது. குப்பை மேட்டில் பொருதும் கோழிகளை உவமையாக்கிய சங்கப் புலவர் ஒருவர், அவ்வுவமையாலேயே குப்பைக் கோழியார் எனப் பெயர் பெற்றுக் குறுந்தொகையில் இடம்பெற்றிருக்கிறார். உழவனுக்குக் குப்பை என்பது எரு. வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோகும் செல்வம். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிடும் வழக்கமும் நம் முன்னோரிடம் இருந்தது. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனும் விட்டுவிடுவானாம். ஒரே சொல் செல்வத்தையும் மதிப்பின்மையையும் ஒருங்கே சுமந்திருக்கிறது. ஒரு பொருள் எப்போது குப்பையாகிறது, அதை முடிவு செய்பவர் யார், அம்முடிவு வீட்டுக்கு வீடு ஏன் வேறுபடுகிறது என்பவையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மற்றொரு சொல்லிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் நடுவயதைக் கடந்தோர் அனைவரும் ‘காராங் குனி’ என்னும் தொடரை அறிவர். காருங் என்பது மலாயில் சாக்கு. குனி என்பது சணல் துணி. அந்தக் குனியும், நம் கோணியும், வடமொழியின் கோணீயும், ஆங்கிலத்தின் கன்னியும் ஒரே குடும்பத்துச் சொற்கள். அரிசியும் பருப்பும் வெங்காயமும் வங்கக் கடலைக் கடந்து வந்த சாக்கு, தன் பெயரையும் உடன் கொண்டுவந்து இறக்கியது. சரக்கு தீர்ந்தபின் அச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பழைய பொருள் வாங்கச் சென்றவருக்கு அதுவே பெயராயிற்று.

அவர் பெரும்பாலும் சீனர். ஹோக்கியனோ தியோச்சியூவோ பேசுபவர். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நின்று கையிலிருக்கும் ஊதலை அழுத்துவார். பின்னர் மாடி மாடியாக நடைவழியில் வருவார். நம் வீட்டு அம்மாள் அவரிடம் பாசார் மலாயில் விலை பேசுவார். செய்தித்தாள் கட்டு ஒருபுறம், அலுமினியப் பாத்திரம் ஒருபுறம், பழந்துணி ஒருபுறம் எனத் தனித்தனியே எடுத்து வைத்திருப்பார். ஈரமான தாளுக்கு எடை கூடும் என்பது அவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். ஆகவே ஈரத் தாள் கட்டுக்குள் போகாது. பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. தூக்குத் தராசில் எடை பார்த்துச் சில வெள்ளிகளைக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வாசலுக்குப் போவார். அந்தச் சில்லறை பல வீடுகளில் பிள்ளைகளின் உண்டியலுக்குச் சென்றது.

பொருள்களைத் தரம்பிரித்துத் தாருங்கள் என்று அந்த இல்லத்தரசிக்கு யாரும் துண்டறிக்கை கொடுக்கவில்லை. சுற்றுச்சூழல் என்னும் சொல்லையே அவர் கேட்டிராமல் இருந்திருக்கலாம். ஆயினும் இன்றைய ஆலைகள் வேண்டுவதைப் போலவே காய்ந்ததாகவும், தூய்மையாகவும், வகைவகையாகவும் பிரித்து வைத்தார். காரணங்கள் எளியவை. வாங்குபவர் வாசலுக்கே வந்தார்; அடுத்த வாரமும் அவரே வந்தார்; வந்தவர் காசு கொடுத்தார். ஏமாற்றினால் மறுமுறை முகம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது.

இம்முறை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிச் சென்ற தள்ளுவண்டிக்காரரைத் தமிழகத்தின் மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருபவர் இன்றும் சில ஊர்த் தெருக்களில் வருகிறார். பழைய இரும்பு வாங்கும் கடைக்குக் காயலான் கடை என்னும் பெயர் காயல்பட்டினத்து வணிகரால் ஏற்பட்டது என்பார்கள். பெயர்க்காரணம் எதுவாயினும் கடை எல்லா ஊரிலும் உண்டு. மலேசியாவில் ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி பழைய செய்தித்தாளைத் தேடிக் குடியிருப்புகளைச் சுற்றும். மதமும் மொழியும் வேறான இல்லங்கள் அனைத்தும் அவ்வழைப்பைக் கேட்டதும் ஒரே வகையில் நடந்துகொண்டன என்பதை இங்கே நினைவில் இருத்திக்கொள்வோம். பின்னர் இது தேவைப்படும்.

கோணிக்குள் சேர்ந்த பொருள்களுள் நல்லவை ஒரு சந்தைக்குப் போயின. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஜாலான் புசாருக்கு அருகில் இருந்த சுங்கை ரோடு சந்தை அது. 1930களிலிருந்து இயங்கிய அத்திறந்தவெளிச் சந்தையில் தரையில் விரித்த துணிமேல் பழைய கைக்கடிகாரம், வானொலி, பித்தளைக் குத்துவிளக்கு, ஒற்றைச் செருப்பு என எல்லாம் கிடைத்தன. ஒற்றைச் செருப்பை யார் வாங்குவார் என்று கேட்க வேண்டாம். வாங்குவோர் இருந்ததால்தான் விற்றனர். அந்த வட்டாரத்தின் மேம்பாட்டுக்காக 2017 ஜூலை 10 ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. தோளிலிருந்து தராசுக்கும், தராசிலிருந்து சந்தைக்கும் சென்ற ஒரு தொடரின் கடைக்கண்ணி அன்று அறுந்தது.

இனி அரசின் ஏற்பாட்டைப் பார்ப்போம். நிலம் குறைந்த இத்தீவில் குப்பையைப் புதைத்துக்கொண்டே போக முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1979 இல் உலு பாண்டானில் முதல் எரிஆலை இயங்கத் தொடங்கியது. எரிப்பதால் குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. ஆயினும் சாம்பல் எஞ்சுகிறது. லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999 மார்ச்சில் மூடப்பட்டபின், அடுத்த நாளிலிருந்து அச்சாம்பலைச் செமாக்காவ் தீவை ஒட்டிக் கடலுக்குள் கட்டிய நிலப்பரப்பில் கொட்டிவருகிறோம். ஏழு கிலோமீட்டர் நீளக் கல்லணையால் வளைக்கப்பட்ட, 350 ஹெக்டேர் பரப்புள்ள இடம் அது. துவாஸிலிருந்து படகில் சாம்பல் போகிறது. இப்போதைய வேகத்தில் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று அரசு கணித்துள்ளது. இன்று தொடக்கப்பள்ளியில் பயிலும் பிள்ளை வேலைக்குப் போகும் வயதை எட்டுவதற்குள் என்று சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும்.

இந்நிலையில்தான் 2001 இல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் வீடுகளுக்குப் பைகள் வழங்கப்பட்டன. இரு வாரத்துக்கு ஒருமுறை வாசலிலேயே அவை சேகரிக்கப்பட்டன. காராங் குனிக்காரரின் வழியை அரசே பின்பற்றியது என்று இதனைக் கொள்ளலாம், காசு கொடுப்பதைத் தவிர. அடுத்த கட்டத்தில் அம்முறை கைவிடப்பட்டு, புளோக்குக்கு ஒன்றாக நீலநிறத் தொட்டி கீழே வைக்கப்பட்டது. தாள், நெகிழி, கண்ணாடி, உலோகம் அனைத்தையும் அந்த ஒரே தொட்டியில் போடலாம், ஆலையில் பிரித்துக்கொள்வார்கள். மக்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்னும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட மாற்றம் இது.

எளிதாக்கியதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2018 இல் இல்லங்களின் மறுபயனீட்டு விகிதம் 22 விழுக்காடு. 2020 இல் 13. 2024 இல் 11. நாட்டின் ஒட்டுமொத்த விகிதம் ஏறத்தாழப் பாதியாக இருப்பதற்குக் கட்டுமானக் கழிவும் உலோகமுமே காரணம். இல்லங்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் பத்தில் ஒன்றுக்குச் சற்றே மேல். 2030 க்குள் 30 விழுக்காட்டை எட்டுவது இலக்கு. நீலத் தொட்டியில் விழுவதிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவும் நீர்மமும் பட்டு வீணாகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறிவருகிறது. பாதி குடித்த தேநீர்க் கோப்பை ஒன்று போதும், ஒரு தொட்டித் தாளும் போயிற்று.

இச்சரிவு முழுவதையும் குடும்பங்களின் சோம்பல் மேல் ஏற்றுவது நேர்மையாகாது. செய்தித்தாள் வாங்கும் வீடுகள் குறைந்தன. வெளிநாட்டுக் கழிவுத்தாளை வாங்கிக்கொண்டிருந்த சீனா 2018 முதல் கதவைப் பெருமளவு அடைத்தபோது உலகெங்கும் தாளின் விலை விழுந்தது. விலை விழுந்ததும் காராங் குனிக்காரருக்கு மாடி ஏறுவது கட்டுப்படியாகவில்லை. அவருடைய பிள்ளைகளும் அத்தொழிலுக்கு வரவில்லை. நம் பாட்டிமார் பிரித்து வைத்ததை வாங்கிச்செல்ல ஆள் வராதபோது, பிரித்து வைக்கும் பழக்கமும் ஓரிரு ஆண்டுகளில் மறைந்தது. பழக்கம் போனதால் சேவை போயிற்றா, சேவை போனதால் பழக்கம் போயிற்றா என்று கேட்டால், இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இதனைச் சோதித்துப் பார்க்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தேக்காவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மூன்று வகைக் குடியிருப்புகளைக் காணலாம். தேக்கா நிலையத்தை ஒட்டிப் பஃபலோ ரோட்டில் எழுந்து நிற்பவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக்குகள். அங்கே குப்பைக்குக் குழாய் உண்டு; மறுபயனீட்டுக்கு மின்தூக்கியில் இறங்கிக் கீழே போக வேண்டும். குப்பையைக் கழிக்கச் சில அடிகள், தாளைக் காப்பாற்றப் பல மாடிகள். சற்றுத் தள்ளிக் கெர்பாவ் ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் உள்ள கடைவீடுகளில் கீழே கடை, மேலே குடியிருப்பு அல்லது தங்கும் அறைகள். அங்கே பின்சந்தில் வைக்கும் பைகளும் பெட்டிகளுமே குப்பை முறை. காய்கறிக் கடையின் அட்டைப்பெட்டி, தேங்காய் மட்டை, வாழையிலை, மாலை கட்டும் கடையின் பூக்கழிவு, மேல்மாடியில் அறையைப் பகிர்ந்து வாழும் பத்துப்பேரின் உணவுப் பொட்டலம் ஆகியவை ஒரே சந்தில் சேர்கின்றன. ஃபேரர் பார்க் பக்கம் நடந்தால் கூட்டுரிமை அடுக்குமாடி வீடுகள்; 2008 முதல் மறுபயனீட்டுத் தொட்டி வைப்பது அவற்றின் நிர்வாகத்துக்குச் சட்டக் கடமை; தொட்டியைக் கவனிக்கக் காவலரும் துப்புரவாளரும் உண்டு. இன்னும் தொலைவில் தனித்தரை வீடுகளுக்குச் சென்றால், வீட்டுக்கு ஒரு நீலத் தொட்டி, தனக்கே உரியது. அதில் அழுகிய மீனைப் போட்டால் தன் வாசலில்தான் நாறும்.

இந்நான்கிலும் நான்கு இனத்தாரும் வாழ்கின்றனர். ஆகவே, தமிழர் வீட்டில் மறுபயனீடு குறைவு, சீனர் வீட்டில் மிகுதி என்று பேசுவோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: எந்தத் தொட்டியைத் திறந்து பார்த்து இதைச் சொல்கிறீர்கள்? 1989 இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் கழக வீடுகளின் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்தே குடியிருக்கின்றனர். நாட்டின் குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு அவ்வீடுகளில் இருக்கின்றன. அங்கே நீலத் தொட்டி ஒன்றே. அதற்கு இனம் கிடையாது. லிட்டில் இந்தியாவின் சந்துகளைக் காட்டி நம்மவரின் தூய்மையுணர்வைக் குறைசொல்வோர், பூவும் இலையும் தேங்காயும் விற்கும் ஓர் அங்காடித் தெருவை, அலுவலகக் கட்டடங்கள் மட்டும் உள்ள தெருவோடு ஒப்பிடுகிறார்கள். ஷென்டன் வேயில் யாரும் தேங்காய் உடைப்பதில்லை.

வேறுபாடே இல்லை என்றும் நாம் கூறவில்லை. அது பழக்கத்தின் நிறத்தில் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு முன் சீனர் இல்லங்கள் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துப் பழையன கழிக்கின்றன. போகியை ஒட்டி நாமும் அதனையே செய்கிறோம். நோன்புப் பெருநாளுக்கு முன் மலாய்க் குடும்பங்கள் திரைச்சீலையை மாற்றுகின்றன. அவ்வாரங்களில் நீலத் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்தில் மெத்தையும் சாய்வு நாற்காலியும் வந்து நிற்கும். பண்டிகை நாட்காட்டியை ஒட்டி வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். பொங்கல் நாளில் கரும்புச் சக்கையும் மஞ்சள் கொத்தும் தோரண இலையும் குழாயை அடைத்துக்கொள்வதற்கு இல்லத்தாரைக் கடிந்து என்ன பயன்?

தமிழ் இல்லத்துக்கே உரிய இரண்டு பழக்கங்களை மட்டும் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, எதையும் எளிதில் எறியாமை. ஹார்லிக்ஸ் புட்டி பருப்புக்கு, மைலோ டின் அரிசிமாவுக்கு, பிஸ்கட் டப்பா ஊசிநூலுக்கு, ஐஸ்கிரீம் டப்பா உறைகுளிர்ப் பெட்டியில் மீன்குழம்புக்கு என ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் பிறவி உண்டு. கடையில் கொடுத்த நெகிழிப் பைகளை மடித்துச் சமையலறை இழுப்பறையில் திணித்து வைப்போம். 2023 ஜூலை 3 முதல் பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வந்தபின் அவ்விழுப்பறையின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. இவை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. தொட்டிக்கு வராத பொருளை எடைபோட முடியாதல்லவா? மறுபயனீட்டு விகிதம் குறைந்த வீடு கழிவும் குறைந்த வீடாக இருக்கக்கூடும் என்பதை எண்களை வாசிப்போர் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, எச்சில் என்னும் கருத்து. வாய் பட்டது, கை பட்டது, உண்டு எஞ்சியது ஆகியவற்றைத் தூய பொருளோடு சேர்க்கலாகாது என்பதை நம் குழந்தை நடக்கப் பழகும் வயதிலேயே கற்கிறது. இதைவிடக் கூர்மையான தரம்பிரிப்புப் பயிற்சி உலகில் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. ஆயினும் நீலத் தொட்டியைப் பற்றிய அறிவுறுத்தல்களில் ‘மாசுபட்ட பொருள்களைத் தவிர்க்கவும்’ என்னும் வகையான தமிழே பெரும்பாலும் காணப்படுகிறது. மாசு என்றதும் நம் பாட்டி புகைபோக்கியை நினைப்பார். சாம்பார் ஒட்டிய டப்பாவை நினைக்கமாட்டார். ‘எச்சில் பட்டதும் எண்ணெய் பட்டதும் ஈரமானதும் நீலத் தொட்டிக்கு ஆகா’ என்று எழுதியிருந்தால் விளக்கமே வேண்டியிருக்காது.

ஆனால் இச்சொல்லைக் கையாளும்போது அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. எச்சில் இலையை எடுப்பவர் யார், சாக்கடையை அள்ளுபவர் யார் என்பதைப் பிறப்பால் வகுத்த ஊர்களிலிருந்துதான் நாம் கப்பலேறினோம். காலனி ஆட்சிக்காலச் சிங்கப்பூரின் நகராட்சித் துப்புரவுப் பணியிலும் தென்னிந்தியத் தொழிலாளர் பலர் இருந்தனர். அவர்களைச் சமமாக நடத்தாத தமிழரும் இருந்தனர். 1932 இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935 இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அவ்வேற்றுமையை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. இன்று நம் புளோக்கின் கீழே தொட்டியை இழுத்துச் செல்லும் இளைஞர் தமிழகத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவராக இருக்கிறார். மறுபயனீட்டு ஆலையின் நகரும் பட்டையில் நம் வீட்டுச் சோற்றுப் பொட்டலத்தைக் கையால் பொறுக்கி அகற்றுபவரும் ஒரு மனிதரே. அலசாமல் எறிந்த டப்பாவை யாரோ ஒருவர் தொட்டே ஆக வேண்டும். எச்சில் என்னும் உணர்வு அவரை நம்மிடமிருந்து விலக்கப் பயன்பட்டது போதும். அவர் கைக்கு நம் எச்சில் போகாமல் காக்க அது பயன்படட்டும்.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால், இம்மேடைக்கே உரிய ஐயம் ஒன்றையும் முன்வைக்கிறோம். மலாயர் இதனைக் ‘கித்தார் செமுலா’ என்கின்றனர். மீண்டும் சுற்றுதல் என்பது பொருள். சீனத்தில் ‘ஹுய்ஷோ’, திரும்பப் பெறுதல். தமிழகத்தில் மறுசுழற்சி. சிங்கப்பூரில் நாம் மறுபயனீடு என்கிறோம். அழகிய சொல்தான். ஆயினும் கேட்பவர் செவியில் அது மறுபடி பயன்படுத்துதல் என்றே விழுகிறது. மறுபயன்பாடு என்னும் மற்றொரு சொல்லுக்கும் இதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியரே நின்று யோசித்துத்தான் கூற வேண்டும். யாரேனும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்னும் நல்ல மனத்தோடு பழைய தலையணையையும் பொம்மையையும் செருப்பையும் நீலத் தொட்டியில் இடுபவர், சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டு சரியாகவே நடந்திருக்கிறார். அத்தொட்டி வேண்டுவதோ உருக்கவும் அரைக்கவும் கூடிய பொருளை. ‘திரும்பப் பெறுதல்’ என்னும் சீன வழக்கு இவ்வகையில் நம்மினும் தெளிவானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சொல்லை மாற்றச் சொல்லவில்லை. நிலைத்துவிட்ட சொல்லை மாற்றுவது ஆற்றை மலைக்குத் திருப்புவது போன்றது. அடுத்த வரியில் ‘உருக்கிப் புதிதாகச் செய்யத்தக்கவை மட்டும்’ என்று சேர்த்தால் போதும்.

சேவை மாறினால் பழக்கம் மாறும் என்றோம். அதற்கு வெளியூர்ச் சான்றுகள் சில.

தைப்பே நகரில் குப்பை வண்டி பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு குறித்த நேரத்தில் தெருமுனைக்கு வருகிறது. மக்கள் பையோடு இறங்கிவந்து தாமே போடுகின்றனர். பின்னாலேயே மறுபயனீட்டு வண்டி. 2000 ஆம் ஆண்டு முதல் நகராட்சி விற்கும் பையில்தான் குப்பையைப் போட வேண்டும், பைக்கு விலை உண்டு. பிரித்துக் கொடுக்கும் பொருளுக்கு விலை இல்லை. தைவானியரும் ஒரு காலத்தில் தெருவில் கொட்டியவர்களே. சென்னையில் 1989 இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவாசிகள் மாதந்தோறும் சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியில் வாசலுக்கு வந்து குப்பை வாங்குபவரை அமர்த்தும் முறையைப் பரப்பியது. அவருக்குத் தெருவை அழகுபடுத்துபவர் என்று பொருள்படும் பெயரையும் சூட்டியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் காலம் இதுவன்று.

இவற்றைவிட நம் கருத்தைக் கவர்வது நீலகிரியின் நிகழ்ச்சி. காட்டில் எறியப்பட்டு உடைந்த மதுப்புட்டிகள் யானைகளையும் பிற விலங்குகளையும் காயப்படுத்துவது நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலால் 2022 மே மாதம் முதல் அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அப்பத்தைத் திருப்பிக் கொடுத்தனர். புட்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவருக்கு அன்று திடீரென்று காட்டின் மேல் காதல் பிறந்துவிடவில்லை. கீழே கிடந்த புட்டிக்கு ஒரு மதிப்பு பிறந்தது. குடித்தவர் எறிந்தாலும் மற்றொருவர் பொறுக்கினார்.

சிங்கப்பூரும் இவ்வழிக்கு வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்ட பானக்கலன் திருப்பளிப்புத் திட்டத்தில், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான நெகிழிப் புட்டிக்கும் உலோகக் குவளைக்கும் 10 காசு வைப்புத்தொகை. கலனைத் திருப்பித் தந்தால் தொகை மீளும். பத்து ரூபாயும் பத்துக் காசும் ஒத்துப்போனது தற்செயல்தான், ஆயினும் நினைவில் வைக்க வசதியாக இருக்கிறது. புதிய கழக வீடுகளில் 2014 முதல் குப்பைக்கு ஒன்று, மறுபயனீட்டுக்கு ஒன்று என இரு குழாய்கள் அமைக்கப்படுகின்றன. இம்முறையை முதலில் கண்ட பொங்கோல் ட்ரீலாட்ஜ் குடியிருப்பில், மற்ற புளோக்குகளைப்போல் மூன்று மடங்கு வரை பொருள் சேர்ந்தது. அங்கே குடியேறியவர் தனி இனத்தாரல்லர். தேக்காவிலிருந்தும் தோ பாயோவிலிருந்தும் போனவர்களே. மின்தூக்கியில் இறங்க வேண்டியதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. 2023 இல் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்ட புளூபாக்ஸ் பெட்டியும் இதே நோக்கில் வந்தது; அதில் பழைய துணியை அடுக்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு, அதுவும் ஒரு பயனே.

ஆயினும் வைப்புத்தொகைத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. காலிக் கலனை விழுங்கும் இயந்திரம் பெரும்பாலும் பேரங்காடி வாசலில் நிற்கும். காசு மின்னணு வழியில் திரும்பும். கைப்பேசிச் செயலியைக் கையாளத் தெரிந்தவருக்கு இது எளிது. அட்டைப்பெட்டியும் குவளையும் பொறுக்கிச் சில வெள்ளி சேர்க்கும் முதியோர் தேக்காவின் பின்சந்துகளில் இன்றும் தள்ளுவண்டியோடு வருகின்றனர். எடைக்கு விற்ற குவளைக்குச் சில காசே பெற்ற அவருக்கு, ஒவ்வொன்றும் பத்துக் காசு என்பது பெரிய செய்தி. அச்செய்தி அவருக்கு எம்மொழியில், யார் வாயிலாகப் போய்ச் சேரும்? கடைவீட்டு மாடியில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர்களோடு குடித்த பானத்தின் பத்துக் காசுகளை எங்கே போய்ப் பெறுவார்? சுவரொட்டியின் நான்காவது மூலையில் சிறிய எழுத்தில் தமிழைப் போட்டுவிட்டால் கடமை முடிந்ததாகாது.

அச்சுவரொட்டியின் தமிழை எழுதும் பணி நம்மவர் சிலரிடம்தான் வரும். இந்த அவையிலேயே மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியரும் வானொலிக் கலைஞரும் அமர்ந்திருக்கின்றனர். ஆங்கிலப் படியைக் கையில் எடுப்பதற்கு முன், தேக்கா ஈரச் சந்தையில் கீரை விற்பவரிடமும் பின்சந்தில் பெட்டி மடிப்பவரிடமும் ஒரு முற்பகல் நின்று, இப்பொருள்களுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வரும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறோம். டின், போத்தல், அட்டை, பேப்பர், சாக்கு என்று அவர்கள் சொல்வார்கள். அச்சொற்களை அப்படியே எழுதலாம்.